மாற்று உலகத்தில் திகில்: சூப்பர் ஹீரோ காமிக்ஸ் கதை எழுதும் முறை

மாதந்தோறும் வெளிவரும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இதழ்களுக்கும் அவற்றின் வாசகருக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்பாடு உண்டு. நாயகன் எத்தனை முறை வீழ்ந்தாலும், ஏன், இறந்தே போனாலும், என்றாவது ஒருநாள் மீண்டு வந்துவிடுவான். அந்த உடன்பாடு நீடிக்கும் வரையில் திகில் அங்கே வெறும் அலங்காரமாகத்தான் இருக்கும். இருட்டும் இரத்தமும் கோரைப்பற்களும் வரலாம், ஆனால் வாசகர் உள்ளூர அஞ்சமாட்டார். மாற்று உலகக் கதை இந்த உடன்பாட்டை வெளிப்படையாகவே ரத்து செய்கிறது. இது வேறொரு பூமி, இங்கே நடப்பது மூல வரிசையைத் தொடாது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், அதன் பிறகு எவரும் சாகலாம், எதுவும் திரும்பாமல் போகலாம். ஆகவே இவ்வகைக் கதையை எழுத முனைகிறவர், மாற்று உலகம் தமக்குத் தரும் சுதந்திரத்தைவிட, அது வாசகரிடமிருந்து பறிக்கும் பாதுகாப்பையே அதிகம் கவனிக்க வேண்டும். எந்தப் பாதுகாப்பை, எந்த வரிசையில், எவ்வளவு விரைவாகப் பறிப்பது என்பதே கதை நெடுகிலும் நீங்கள் எடுக்கப்போகும் முடிவு.

இந்தக் கலவை இவ்வளவு தாமதமாக உருவானதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1954-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, நடமாடும் பிணங்கள், இரத்தக் காட்டேரிகள், ஓநாய் மனிதர்கள், நரமாமிசம் ஆகிய அனைத்தையும் தடை செய்தது. திகில் என்ற பொருள்படும் சொல்லை இதழின் தலைப்பில் வைப்பதற்குக்கூட இடமில்லாமல் போயிற்று. 1971-இல் அது திருத்தப்பட்டபோது டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் போன்ற செவ்வியல் மரபைப் பின்பற்றும் காட்டேரிகளுக்கும் ஓநாய் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது, நடமாடும் பிணங்களான ஸோம்பிகளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் மார்வெல் நிறுவனம் சில கதைகளில் அவற்றுக்கு 'ஸுவெம்பி' என்று வேறு பெயர் சூட்டிச் சமாளித்தது. மாற்று உலகம் என்ற கருவியோ வேறு பாதையில் வளர்ந்துகொண்டிருந்தது. 1961-இல் 'தி ஃப்ளாஷ்' 123-ஆம் இதழில் ஃப்ளாஷ் என்ற ஒரே பெயருடைய இரண்டு நாயகர்கள், இரண்டு பூமிகளைச் சேர்ந்தவர்கள், சந்தித்துக்கொண்டார்கள். 1977-இல் மார்வெல் தொடங்கிய 'வாட் இஃப்' வரிசை, ஒரே ஒரு நிகழ்வு மாறினால் என்னவாகும் என்ற கேள்வியையே இதழ்தோறும் கேட்டது. இரண்டு பாதைகளும் உறுதியாகச் சேர்ந்தது 1989-இல், 'காத்தம் பை கேஸ்லைட்' வெளிவந்தபோது என்பது என் கருத்து. பிரையன் அகஸ்டின் எழுத, மைக் மிக்னோலா வரைந்த அந்தக் கதையில் பேட்மேனின் ஊரான காத்தம் நகரத்துக்கு, 1889-ஆம் ஆண்டில், லண்டனைக் கலங்கடித்த தொடர் கொலைகாரன் ஜாக் தி ரிப்பர் வந்து சேர்கிறான்.

ஒரே ஓர் உடைப்பு

எழுதத் தொடங்குமுன் உங்கள் மாற்று உலகம் மூல உலகத்திலிருந்து எந்த இடத்தில் பிரிகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் 'மேலும்' என்ற சொல் தேவைப்பட்டால் கதை இன்னும் முற்றவில்லை என்று பொருள். மாற்றங்கள் கூடக் கூட அந்த உலகம் வாசகருக்கு அந்நியமாகும். அந்நியமான இடத்தில் நடக்கும் கொடுமை, தெரியாத ஊரின் செய்தியைப்போல எட்டத்திலேயே நின்றுவிடும். மாறாத அனைத்தும் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் பிசகியிருக்கும்போதுதான் அச்சம் அருகில் வருகிறது.

இதற்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு, வாரன் எல்லிஸ் எழுதி 1995-இல் இரண்டு இதழ்களாக வெளிவந்த 'ரூயின்ஸ்'. நாயகர்களுக்கு ஆற்றலை வழங்கிய கதிர்வீச்சும் விபத்துகளும் உண்மையில் மனித உடலை என்ன செய்யுமோ அதையே செய்கின்றன என்பதுதான் அங்கே உள்ள ஒரே உடைப்பு. நோயும் உருக்குலைவும் சாவும் அதிலிருந்து தாமாகவே கிளைக்கின்றன. அந்தக் கதை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை, ஏனெனில் முதல் சில பக்கங்களிலேயே எல்லாம் பாழ் என்று தெரிந்துவிட்டபின் இழப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் உடைப்பைத் தேர்ந்தெடுத்த விதத்தில் பிசிறே கிடையாது.

விளக்கத்துக்காக ஒரு புதிய நாயகியை உருவாக்கிக்கொள்வோம். நகரத்தில் எவர் உதவி கேட்டுக் கூப்பிட்டாலும், எவ்வளவு தொலைவானாலும், அந்தக் குரல் அவளுக்குக் கேட்கும். எந்த அழைப்பையும் அவள் மறுத்ததில்லை. அவளைக் கேட்பவள் என்று அழைக்கலாம். மூலக் கதையில் அவள் முதன்முதலாகச் செய்த சாகசம், எரியும் கட்டடத்திலிருந்து ஒரு சிறுவனைக் காப்பாற்றியது. மாற்று உலகத்தில் அவள் சில நிமிடங்கள் தாமதமாகிறாள், சிறுவன் இறந்துவிடுகிறான், அவன் குரல் மட்டும் நிற்கவில்லை. இவ்வளவுதான் உடைப்பு. அவளுடைய ஆற்றல், குணம், நகரம், தோழர்கள் எவரையும் நாம் மாற்றவில்லை.

அச்சத்தை நாயகனுக்கு அளவெடுத்தல்

பலரும் சறுக்கும் இடம் இது. ஸோம்பி பிடிக்கும் என்பதற்காக ஸோம்பியையும், காட்டேரி பிடிக்கும் என்பதற்காகக் காட்டேரியையும் கொண்டுவந்து நாயகனுக்கு எதிரே நிறுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது வழக்கமான சண்டைக் கதை. வில்லனின் முகமூடி மட்டும் மாறியிருக்கும். அச்சம் நாயகனின் உள்ளிருந்தே எழவேண்டுமானால் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இவனுடைய ஆற்றல் தவறான கைக்குப் போனால் என்ன நேரும்? இவனுடைய நற்குணமே இவனை வீழ்த்தும் வழியாக எப்படி மாறும்? முதல் கேள்விக்கான விடை பெரிய காட்சிகளைத் தரும். இரண்டாவதன் விடைதான் கதையைத் தரும்.

டக் மோயென்ச் எழுத, கெல்லி ஜோன்ஸ் வரைந்து 1991-இல் வெளியான 'பேட்மேன் அண்ட் டிராகுலா: ரெட் ரெயின்' இரண்டாம் கேள்வியைப் பிடித்துக்கொண்ட கதை. தன் நகரத்துக்காக எதையும் தியாகம் செய்யும் மனிதன், டிராகுலாவை வெல்லத் தன் மனிதத்தன்மையையே கொடுத்துக் காட்டேரியாகிறான். வௌவால் வேடம் அணிந்தவன் மெய்யாகவே இரவின் பிராணியாகிவிடுவது வெளிப்படையான பொருத்தம். அதைவிட ஆழமான பொருத்தம் அவன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கொல்லமாட்டேன் என்று உறுதி பூண்டவனுக்கு இரத்த தாகம் வந்துவிட்டது. அடுத்த பகுதியான 'பிளட்ஸ்டார்ம்' 1994-இல் வந்தபோது அந்த உறுதி அவனுடைய பரம எதிரியான ஜோக்கரிடம் உடைந்தது. மூன்றாம் பகுதியில் உறுதியே இல்லாத ஒருவன் நகரத்தில் வேட்டையாடுகிறான். மூன்று நூல்களும் ஒரே குணத்தின் மூன்று நிலைகள் என்பதைத் திட்டம் போடும் எவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2017-இல் தொடங்கிய 'டார்க் நைட்ஸ்: மெட்டல்' வரிசை வேறு வழியில் போயிற்று. அங்குள்ள இருண்ட உலகங்கள் அச்சங்களிலிருந்தே பிறக்கின்றன; ஒவ்வொன்றிலிருந்தும், பேட்மேன் வேடத்துக்குள் இருக்கும் புரூஸ் வேயின் என்ற மனிதன் தன்னைப்பற்றி அஞ்சிய ஏதோ ஒன்று உருவெடுத்து வருகிறது. ஜோக்கரைக் கொன்ற கணத்தில் அவன் உடலிலிருந்து வெளிப்பட்ட நஞ்சால் தானே அவனாக மாறிப்போன பேட்மேன் அவற்றுள் அதிகம் பேசப்பட்டவன். கருத்து வலுவானது. ஆனால் ஒரே சமயத்தில் ஏழு திரிந்த பேட்மேன்கள் அணிவகுத்து வரும்போது அச்சம் ஏழாகப் பங்கிடப்பட்டு மெலிந்துவிடுகிறது. ஒருவனே போதும் என்பதை நான் வற்புறுத்துவேன்.

கேட்பவளிடம் திரும்பினால், அவளுடைய நற்குணம் எந்த அழைப்பையும் மறுக்காமை. இறந்தவர்களும் உதவி கேட்டுக் கூப்பிடத் தொடங்கியபின், அந்தக் குணமே அவளை இரவெல்லாம் வெற்று அறைகளுக்கும் மூடிய கிடங்குகளுக்கும் இழுத்துச் செல்கிறது. அந்த நேரத்தில் உயிரோடிருப்பவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்கிறார்கள், பின்னர் அவர்களும் இறந்தவர்களின் கூட்டத்தில் சேருகிறார்கள். வில்லன் என்று தனியே எவரும் தேவைப்படவில்லை.

கொடுமைக்கும் விதிகள் வேண்டும்

எது பரவுகிறது, எப்படிப் பரவுகிறது, எவ்வளவு நேரத்தில் ஆட்கொள்கிறது, எதற்கு அது அடங்கும் ஆகியவற்றைக் கதை எழுதுமுன் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசகருக்கு இவை அனைத்தையும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் மீறக் கூடாது, அவ்வளவே. விதி தளர்ந்த மறுகணம் திகில் வெறும் தற்செயலாகிவிடும்.

நல்ல விதி என்பது தானே நாடகத்தை உண்டாக்கும் விதி. ராபர்ட் கிர்க்மேன் எழுத, ஷான் ஃபிலிப்ஸ் வரைந்து 2005-06-இல் ஐந்து இதழ்களாக வந்த 'மார்வெல் ஸோம்பீஸ்' இதற்கு முன்மாதிரி. மற்ற ஸோம்பிக் கதைகள் பெரும்பாலானவற்றில் பிணங்களுக்கு அறிவு கிடையாது. இங்கே நாயகர்கள் தம் நினைவோடும் பேச்சோடும் நகைச்சுவையோடும் பிணங்களாகிறார்கள். பசி எழும்போது வேறெதுவும் தோன்றுவதில்லை, வயிறு நிறைந்ததும் குற்றவுணர்வு திரும்பி வருகிறது. மனைவியையும் அத்தையையும் தின்றுவிட்ட ஸ்பைடர்மேன் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவதும், மறுபடி பசித்ததும் புலம்பல் நின்றுபோவதும் அந்த ஒரே விதியின் விளைவு. விஞ்ஞானியான நாயகன் ஹாங்க் பிம் தன் நண்பன் பிளாக் பாந்தரை உயிரோடு அடைத்துவைத்துப் பகுதி பகுதியாக உண்ணுவதும் அதே கணக்குதான்; அறிவாளியின் அறிவு பசிக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்கிறது. அந்தத் தொடரின் கறுப்பு நகைச்சுவை எல்லோருக்கும் ஒத்துவராது, ஆயினும் விதியின் கட்டுக்கோப்புக்காக அதை ஒருமுறையேனும் பிரித்து ஆராய வேண்டும்.

டாம் டெய்லர் எழுதி 2019-இல் வெளியான 'டிசீஸ்ட்' தொடரில் தீங்கு திரைகளின் வழியாகப் பரவுகிறது. கைப்பேசியையோ தொலைக்காட்சியையோ பார்த்தவர் வீழ்கிறார். ஆகவே உலகை எச்சரிக்க விரும்பும் நாயகனுக்கு எச்சரிக்கும் கருவியே அடைபட்டுப்போகிறது. 2021-இல் தொடங்கிய 'டிசி வெர்சஸ் வாம்பயர்ஸ்' வேறு கணக்கை எடுத்துக்கொண்டது: மாறியவர் யார் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதனால் அச்சத்தின் இடம் தெருவிலிருந்து நண்பர்கள் கூடும் அறைக்கு மாறியது.

இங்கே வல்லமை பற்றிய சிக்கல் ஒன்று எழும். மலையைத் தூக்கும் ஒருவன் உங்கள் உலகத்தில் இருந்தால், அவன் ஏன் இந்தக் கொடுமையை அரைமணி நேரத்தில் முடித்துவைக்கவில்லை என்று வாசகர் நிச்சயம் கேட்பார். அவனை முதலிலேயே வீழ்த்திவிடலாம். கடைசி வரை நிறுத்திவைத்து, அவன் வீழ்ந்தால் என்ன ஆகும் என்ற எண்ணத்தையே அச்சமாக்கலாம். அல்லது அவன் வலிமை எட்டாத இடத்தில் கொடுமையை வைக்கலாம். மூன்றாவது வழி கடினமானது, பெரும்பாலும் அதுவே சிறந்தது.

கேட்பவளுக்கான விதிகள் இவை. இறந்த குரல் தன் கடைசி நேரத்தில் சொன்ன சொற்களை மட்டுமே திரும்பச் சொல்லும். கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. அவள் காப்பாற்றத் தவறி இறந்த ஒவ்வொருவரின் குரலும் கூட்டத்தில் சேரும். இரண்டாவது விதியைக் கவனியுங்கள். உயிருள்ள குரலையும் இறந்த குரலையும் பிரித்தறிய வழி இருக்கிறது, ஆனால் அவளுக்குத் தொலைவிலிருந்து கேட்க மட்டுமே முடியும், பேச முடியாது. கேள்வி கேட்க வேண்டுமானால் அருகே போயாக வேண்டும். அருகே போய்ச் சேருவதற்குள் வேறொரு குரல் நின்றுவிடலாம்.

இயல்பு வாழ்க்கைக்கு எத்தனை பக்கம்?

உலகறிந்த நாயகனை வைத்து எழுதுகிறவருக்கு இது எளிது. நான்கு கட்டங்களில் அவனைக் காட்டினாலே வாசகர் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். ஆனால் அந்நாயகர்கள் நிறுவனங்களின் உடைமை, உரிமமின்றி விற்பனைக்கு வெளியிட இயலாது. எனவே புதிதாக எழுதுகிறவர் பெரும்பாலும் தம் சொந்த நாயகனையே உடைக்க வேண்டியிருக்கிறது. வாசகருக்கு அவனைத் தெரியாது. தெரியாத ஒருவன் திரிந்துபோவதில் அவருக்கு இழப்பேதும் இல்லை.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, மூல உலகத்தின் ஒரு சாகசத்தை அதற்குரிய பளிச்சென்ற நடையிலேயே நான்கைந்து பக்கங்களுக்கு முழுமையாகச் சொல்லிவிடுவது. தெளிவான கோடுகள், நிறைந்த வண்ணங்கள், நகைச்சுவை, காப்பாற்றப்பட்ட சிறுவன், நன்றி சொல்லும் தாய் எல்லாம் இருக்கட்டும். பிறகு அதே சாகசத்தை, அதே கட்ட அமைப்பில், மறுபடி தொடங்குங்கள். நான்காம் கட்டம் வரை எதுவும் மாறாது. ஐந்தாம் கட்டத்தில் அவள் ஒரு கதவைத் திறக்க முடியாமல் தடுமாறுகிறாள். எந்த விளக்க வாசகமும் இன்றி, இது வேறு உலகம் என்பதை வாசகர் தம் கண்ணாலேயே கண்டுகொள்வார்.

இரு உலகங்களுக்கும் இடையே வாசல் வேண்டுமா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். 2005-இல் 'அல்டிமேட் ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 21-ஆம் இதழ் அந்த வாசலை மிகத் தந்திரமாகப் பயன்படுத்தியது. அந்த நால்வர் அணியின் அறிஞனான இளம் ரீட் ரிச்சர்ட்ஸ் இன்னோர் உலகத்தின் தன்னைப் போன்ற அறிஞனோடு பேசி, நம்பி, கடந்து சென்று பார்த்தால் அங்கே காத்திருப்பவர்கள் ஸோம்பிகள். அந்த ஓர் அதிர்ச்சிக்கு வாசல் தேவைப்பட்டது. மற்றபடி வாசல் என்றாலே தப்பிக்க வழி உண்டு என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார், நாம் பறித்த பாதுகாப்பும் பின்பக்கமாகத் திரும்பி வந்துவிடும். தக்க காரணம் இல்லையென்றால் வாசலை அடைத்தே வையுங்கள்.

பக்கத்தின் வேலை

காமிக்ஸில் திடுக்கிடலைத் தீர்மானிப்பது பக்கம் திருப்பும் கை. இடமிருந்து வலமாகப் படிக்கும் அச்சிதழில் ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்புறமும் இரட்டைப்படைப் பக்கங்கள் இடப்புறமும் அமையும். பிரித்த இதழின் இரு பக்கங்களும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால், வலப்பக்கத்தில் வைத்த அதிர்ச்சியை வாசகர் இடப்பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணால் பார்த்துவிடுவார். எனவே ஐயத்தை வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும், வெளிப்பாட்டைத் திருப்பியதும் வரும் இரட்டைப்படைப் பக்கத்திலும் வையுங்கள். அமெரிக்க மாத இதழில் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 முதல் 22 பக்கங்கள் என்பதால் இத்தகைய திருப்பங்கள் பத்துக்குச் சற்றுக் கூடக்குறையத்தான் கிடைக்கும். அவை அனைத்தையும் செலவழிக்காமல் இரண்டையோ மூன்றையோ மட்டும் பயன்படுத்துவதே நலம். இடையில் விளம்பரப் பக்கங்கள் புகுந்தால் கணக்கு மாறிவிடும், முன்கூட்டியே கேட்டறிந்து கொள்ளுங்கள். கைப்பேசியில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் வடிவத்தில் திருப்பம் என்பதே கிடையாது. அங்கே இரண்டு கட்டங்களுக்கு இடையே விடும் நீண்ட வெற்றிடம் அந்த வேலையைச் செய்யும்.

கட்டங்களுக்கு இடைப்பட்ட வெண்கோடுகளைக் கறுப்பாக்குவது எல்லோரும் செய்யும் உத்தி. செய்யலாம், ஆனால் உடைப்பு நிகழ்ந்த இடத்திலிருந்து சிறிது சிறிதாகக் கறுப்பாக்கினால் வாசகர் காரணம் தெரியாமலே மூச்சடைப்பதை உணர்வார். சிதைந்த உடலை முழுப் பக்கத்தில் காட்டுவதற்குப் பதில், அதைப் பார்ப்பவரின் முகத்தைக் காட்டிவிட்டு உடலை அடுத்த கட்டத்தின் விளிம்பில் வெட்டுப்பட விடுவது பெரும்பாலும் கூடுதல் பலன் தரும்.

பேச்சு பலூன்களை எழுத்தாளர்கள் ஓவியரின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். திகில் கதையில் அப்படி விடலாகாது. பேய்க்குரலுக்கு நெளிநெளியான பலூனும் நடுங்கும் எழுத்தும் தருவது மரபு. கேட்பவளின் கதையில் அதைச் செய்தால் கதையே கெட்டுவிடும், ஏனெனில் உயிருள்ள குரல் எது, இறந்தது எது என்று அவளுக்குத் தெரியாதபோது வாசகருக்கும் தெரியக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பலூன், ஒரே எழுத்து. இரண்டின் வாலும் கட்டத்துக்கு வெளியே நீண்டு மறையட்டும். ஒரு பக்கத்தில் அத்தகைய பலூன்கள் பத்து இருந்து, அவற்றுள் ஒன்று மட்டும் சென்ற பக்கத்தில் சொன்னதையே எழுத்துப் பிசகாமல் திரும்பச் சொன்னால், கூர்ந்து படிக்கிறவர் அவளுக்கு முன்பே கண்டுபிடித்து அஞ்சுவார். ஒலிச் சொற்களையும் கதை முன்னேற முன்னேறக் குறைத்துக்கொண்டே போகலாம்.

சாவுகளின் வரிசையும் முடிவும்

மாற்று உலகத்தில் கொல்வதற்குத் தடையில்லை என்பதால் கொன்று குவிக்கத் தோன்றும். பட்டியல் போட்டுக் கொல்லப்பட்ட நாயகர்கள் வாசகர் மனத்தில் எண்ணிக்கையாக மட்டுமே பதிவார்கள். கதையில் நேரும் ஒவ்வொரு சாவையும் ஒரு தாளில் எழுதி, அதன் எதிரே, இதனால் வாசகர் எந்த நம்பிக்கையை இழக்கிறார் என்று குறியுங்கள். வழிகாட்டி இறந்தால் அறிவு போயிற்று, வலிமையானவன் இறந்தால் காவல் போயிற்று, நகைச்சுவையாளன் இறந்தால் இளைப்பாறும் இடம் போயிற்று. இரண்டு சாவுகளுக்கு எதிரே ஒரே குறிப்பு வந்தால் ஒன்றை நீக்கிவிடலாம்.

முடிவில் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'டிசீஸ்ட்' கதையில் எஞ்சியவர்கள் பூமியை விட்டு வெளியேறுகிறார்கள். 'மார்வெல் ஸோம்பீஸ்' கோள்களை விழுங்கும் கேலக்டஸையே தின்றுவிட்டுப் பசியைப் பிரபஞ்சத்துக்குக் கொண்டுபோகிறது. இரண்டும் அவற்றின் விதிகளிலிருந்து பிறந்த முடிவுகள் என்பதே முக்கியம். கேட்பவளின் கதைக்கு அவள் செவிடாக்கப்படுவது எளிய முடிவு, அதனாலேயே அதைத் தவிர்ப்பேன். அவள் ஓர் அழைப்பை முதன்முறையாக மறுக்கட்டும். அந்தக் குரல் உயிருள்ளதா இல்லையா என்பதை அவள் அறியமாட்டாள், ஆனால் பலூன்களைக் கவனித்து வந்த வாசகர் அறிவார்.

கதைச்சட்டகம் முடிந்ததும் ஓவியருக்கு அனுப்புமுன், உங்கள் நாயகனைப்பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எது மாறிப்போனது என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் விடை நீங்கள் தொடக்கத்தில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தோடு பொருந்தவில்லையென்றால், திருத்த வேண்டியது பயங்கரக் காட்சிகளை அல்ல, அவற்றுக்கு முன்னால் உள்ள நான்கைந்து பக்கங்களை.